பதினேழாம் நம்பரின் பிசிறு

சிலிக்கோன் இரண்டு டப்பாக்களில் வரும். தனித்தனியாக இருக்கும்வரை இரண்டும் தேன் மாதிரி சும்மா கிடக்கும். சரிபாதியாகக் கலந்துவிட்டால் அவ்வளவுதான், நாற்பது நிமிடத்தில் இறுகத் தொடங்கிவிடும். அதற்குள் நிறம் சேர்க்க வேண்டும், உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிகளை இயந்திரம் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும், அச்சுக்குள் ஊற்றியும் முடிக்க வேண்டும். அச்சு என்பது இரண்டு பாதி. இரண்டையும் முகத்தோடு முகம் பொருத்தி, நாலு மூலையிலும் போல்ட் போட்டு முறுக்குவார்கள். எத்தனை முறுக்கினாலும் இரண்டு பாதிக்கும் நடுவில் மயிரிழை அளவு இடைவெளி இருக்கத்தான் செய்யும். சிலிக்கோன் அதையும் விட்டுவைக்காது. அங்கேயும் கசிந்து போய் இறுகிக்கொள்ளும். மறுநாள் காலையில் அச்சைத் திறந்தால், பொருளின் விளிம்பைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று தொங்கும். அதற்குப் பெயர்தான் பிசிறு.

பிசிறை வெட்டுவது அவள் வேலை. பதினொரு வருடமாக அதையே செய்வதால் பட்டறையில் எல்லோருக்கும் அவள் பிசிறக்கா. முப்பத்தெட்டு வயது. வளைந்த கத்தரி ஒன்று, அறுவைக் கத்தி ஒன்று, கழுத்தில் மாட்டிய பூதக்கண்ணாடி ஒன்று. கை அசையாது. "பிசிறக்கா வெட்டின இடத்தை எறும்பு நடந்தாலும் கண்டுபிடிக்க முடியாது" என்பாள் அவளுடைய நாத்தனார். அவளும் அதே பட்டறையில்தான், பொருள்களுக்கு வண்ணம் தீட்டுகிறாள். நாத்தனார் ஒருத்தி அண்ணியைப் புகழ்வது ஊரில் நடக்காத காரியம். ஆகவே அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

பட்டறையில் செய்வது பொம்மை அல்ல, பாடப் பொருள். நர்ஸ் பள்ளிக்கூடங்களுக்குப் போகிறவை. ஊசி போடப் பழகும் கை, தையல் போடப் பழகும் தோல் பட்டை, மூச்சு நின்றவருக்கு நெஞ்சை அழுத்திப் பழகும் உடம்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. அவளுக்கு வேலை சொல்லிக்கொடுத்த பழைய பிசிறுக்காரர் முதல் நாளே ஒரு விதியையும் சொல்லிக்கொடுத்திருந்தார். "சுவத்துல தொங்குற மாதிரிப் பீஸைப் பாரு. கையில இருக்குறதைப் பாரு. அதுல இல்லாதது இதுல எது இருக்கோ, அது பிசிறு. வெட்டு." சுவரில் முப்பது ஆணிகள், முப்பது மாதிரிகள். அதில் பதினேழாம் நம்பருக்கு மட்டும் மேலே ஒரு துணி போர்த்தியிருந்தது.

பதினேழு என்பது பெண்ணின் இடுப்புக்குக் கீழ்ப் பகுதி. தானாகச் சிறுநீர் கழிக்க முடியாத நோயாளிக்குக் குழாய் சொருகப் பழகுவதற்கானது. பட்டறையில் அதன் பெயரை யாரும் சொல்வதில்லை. "பதினேழு ஊத்தியாச்சா?" "பதினேழு காய்ஞ்சுதா?" அவ்வளவுதான். ஊற்றுகிறவர் ஊற்றியதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பரிசோதிக்கிறவள் எண்ணிக்கை சரியா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடியை மூடிவிடுவாள். பதினேழை நேருக்கு நேர் பார்க்க வேண்டிய கட்டாயம் இரண்டு பேருக்குத்தான்: வெட்டுகிற அண்ணிக்கும், ரோஸ் வண்ணம் அடிக்கிற நாத்தனாருக்கும்.

அந்தப் பார்வைதான் அவளுக்கு வினையாகப் போனது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவளுக்கு உறைத்துவிட்டது: தன்னுடையது இப்படி இல்லை. சுவரில் தொங்குவது மூடிய வாய் போல ஒழுங்காக, ஒரே கோடாக, இரு பக்கமும் ஒரே அளவாக இருந்தது. அவளுடையதிலோ உள்ளே இருக்க வேண்டிய மடிப்புகள் வெளியே எட்டிப் பார்த்தன. அதிலும் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட ஒரு விரல் அகலம் நீளம். ஓரமெல்லாம் சுருக்கம் வேறு. இதை யாரிடம் கேட்பது? அம்மாவிடம் கேட்கிற விஷயமா இது? இன்னொரு பெண்ணுடையதை அவள் பார்த்ததே இல்லை. பதினேழாம் நம்பரை மட்டும் ஆயிரக்கணக்கில் பார்த்துவிட்டாள். ஆயிரமும் ஒரே மாதிரி இருந்தன. ஆயிரம் பேர் ஒரு பக்கம், தான் ஒருத்தி மறுபக்கம் என்றால் தப்பு யார் பக்கம் என்று கணக்குப் போடப் பெரிய படிப்பு வேண்டாமே.

கல்யாணமாகிப் பதினைந்து வருடம். ஒரு மகள், விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் விளக்கை அணைப்பது எப்போதும் அவள்தான். வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர், அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை. போன மாதம் ஒரு பஸ் நிறுத்தத்தில், 'இயல்பான வடிவம் பெறுங்கள்' என்று ஒரு கிளினிக்கின் விளம்பரத்தைப் பார்த்தாள். இயல்பான என்ற சொல் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. போனாள். டாக்டர் இரண்டு நிமிடம் பார்த்தார். "எப்படி வேணும்?" என்று கேட்டார். சுவரில் தொங்கும் பதினேழை மனதில் வைத்துக்கொண்டு, மில்லிமீட்டர் கணக்கில் சொன்னாள். டாக்டரே அசந்துபோனார். வரும் வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆபரேஷன். வீட்டில், ஒரு சின்னக் கட்டி, அரை நாள் வேலை என்று சொல்லி வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை அவள் முதலாளியம்மாவின் அறைக்குப் போனது அதற்கு லீவு கேட்கத்தான். கேட்டு வாய் மூடவில்லை, கதவைத் தட்டாமலே ஒருத்தி உள்ளே வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. கையில் நெஞ்சுயரத்துக்கு ஒரு அட்டைப் பெட்டி. அதை மேஜையில் தொப்பென்று வைத்தாள்.

"ஆறு பீஸ். ஆறையும் திருப்பித் தரேன். இதுல ஒரு முக்கியமான சாமான் இல்ல."

முதலாளியம்மா எழுந்தேவிட்டார். "நீங்க?"

"நர்ஸ் ஸ்கூல்ல பாடம் எடுக்குறேன். எட்டு வருஷம் வார்டுல இருந்தேன், இப்போ ரெண்டு வருஷமா டீச்சர். போன வாரம் என் ஸ்டூடண்ட் ஒருத்தியை முதல் தடவையா வார்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். நல்ல பொண்ணு, உங்க மாடல்ல நூறு தடவை பழகினவ. ஒரு அம்மாவுக்கு யூரின் டியூப் போடணும். போர்வையை விலக்கிப் பார்த்தா. பார்த்துட்டு வார்டே கேக்குற மாதிரி என்னைக் கூப்பிட்டா, 'சிஸ்டர், இந்தம்மாவுக்கு இங்க ஏதோ வளர்ந்திருக்கு!'ன்னு."

"என்ன வளர்ந்திருந்தது?"

"ஒண்ணும் வளரல. எல்லாப் பொம்பளைக்கும் இருக்குறதுதான் இருந்துச்சு. உங்க மாடல்லதான் அது இல்ல. அந்தம்மா மூணு பிள்ளை பெத்தவங்க. தனக்கு என்னமோ ஏதோன்னு நெனச்சு, ஒரு நாள் பூரா அழுதாங்க. நானும் என் ஸ்டூடண்டும் மாறி மாறிச் சமாதானம் சொல்லியும் தீரல." பெட்டியைத் திறந்து ஒரு பதினேழை வெளியே எடுத்து, துணியும் மணியும் இல்லாமல் மேஜை நடுவில் வைத்தாள். முதலாளியம்மா காலண்டரைப் பார்த்தார். "உள் இதழ் எங்க?" என்று கேட்டாள் டீச்சர்.

பிசிறக்காவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. தான் வெட்டிய பொருளைக் குறை சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? "இருக்கே சிஸ்டர். இதோ பாருங்க, உள்பக்கம் சின்னதா ரெண்டு வரம்பு."

"அது இதழ் இல்லக்கா. இதழை வெட்டினா மிச்சம் நிக்குமே, அந்த அடிக்கட்டை மாதிரி இருக்கு. இதுக்கு மேல என்ன இருந்துச்சு?"

"பிசிறு இருந்துச்சு. வெட்டிட்டேன்."

சொன்ன பிறகுதான் தன் வார்த்தை தன் காதிலேயே விழுந்தது.

பிறகு டீச்சர், குரலைத் தாழ்த்தி, "அக்கா, வெட்டாத பீஸ் ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

இருந்தது. வெள்ளிக்கிழமை ஊற்றிய பதினேழு ஒன்று இன்னும் அச்சுக்குள்ளேயே இருந்தது. மூன்று பேரும் பட்டறைக்குப் போனார்கள். நாத்தனார் தூரிகையைக் கையில் பிடித்தபடியே பின்னால் வந்து நின்றுகொண்டாள். பிசிறக்கா நாலு போல்ட்டுகளையும் கழற்றினாள், மேல் பாதியைத் தூக்கினாள், விளிம்பில் விரலை விட்டுப் பொருளை மெல்ல உரித்து எடுத்தாள். ஓரத்தைச் சுற்றி வழக்கமான சவ்வு தொங்கியது. நடுவில், இரண்டு வரம்புகளின் மேல், இரண்டு மடல்கள் நின்றன. மெல்லியவை, அலை அலையாக மடிந்தவை. ஒன்று மற்றதைவிட நீளம்.

"இதோ இருக்கே!" என்று டீச்சர் கைதட்டாத குறையாகச் சொன்னாள். "இத்தனை நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

"அது பிசிறுதான்" என்றாள் பிசிறக்கா. குரல் மட்டும் வேறு யாருடையதோ போல இருந்தது. "மாதிரிப் பீஸ்ல அது இல்ல. இல்லாததை வெட்டணும். அதுதான் விதி."

ஆனால் வாய் அப்படிச் சொல்லும்போதே கை வேறு வேலை பார்த்தது. டார்ச் விளக்கை எடுத்து, காலி அச்சுக்குள் அடித்தாள். பதினொரு வருடமாகப் பிசிறோடு குடித்தனம் நடத்தியவள் அவள். பிசிறு எங்கே வரும், எங்கே வராது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு பாதி சேருகிற கோட்டில் வரும். காற்று போக விட்ட துளையில் வரும். அச்சில் விரிசல் விழுந்தால் அந்த விரிசலில் வரும். வேறு எங்கேயும் வராது, வர வழியே இல்லை. இந்த இரண்டு மடல்களோ கீழ்ப் பாதியின் நட்டநடுவில், சேருகிற கோட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றன. அங்கே பிசிறுக்கு என்ன வேலை?

பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து அச்சுக்குள் குனிந்தாள். மடல்கள் வந்த இடத்தில் இரண்டு ஆழமான பள்ளங்கள். விரிசல் என்றால் ஓரம் கன்னாபின்னாவென்று இருக்கும். இந்தப் பள்ளங்களின் சுவரிலோ, ஊசிமுனையால் இழுத்தது போல, சின்னச் சின்னச் சுருக்கக் கோடுகள் வரிசையாக ஓடின. ஒரு பக்கச் சுருக்கம் மறுபக்கம் மாதிரி இல்லை. யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்து, பொறுமையாகச் செதுக்கியிருக்கிறார்.

"பிசிறுக்கு யாரும் சுருக்கம் செதுக்க மாட்டாங்க" என்றாள் மெதுவாக.

முதலாளியம்மாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. முதல் மாதிரியை மெழுகில் செய்துகொடுத்தது ஒரு பெண் சிற்பி. பிரசவம் பார்க்கும் நர்ஸ் ஒருத்தியை ஒரு வாரம் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்தார். அதிலிருந்துதான் அச்சு எடுத்தார்கள். "அப்புறம் முதல் பீஸை நம்ம பழைய பிசிறுக்காரர்தான் சுத்தம் பண்ணி ஆணியில மாட்டினாரு."

"அவரு பிசிறுன்னு நெனச்சு வெட்டிட்டாரா?" என்றாள் டீச்சர்.

நாத்தனார் தூரிகையை ஆட்டினாள். "பாவம், அவரை ஏன் குத்தம் சொல்றீங்க? அவரு வீட்ல என்னைக்கும் கரண்ட் இல்ல போல."

முதலாளியம்மா உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பிசிறக்காவும் சிரித்தாள். ஆனால் அவள் சிரிப்பு பாதி வழியில் நின்றுபோனது. கையில் இருந்த பொருளை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நீளமாக இருந்தது இடப்பக்கம்.

மீதி விஷயங்கள் மளமளவென்று நடந்தன. அச்சு சரியாகத்தான் இருக்கிறது, வெட்டாமல் விட்டால் போதும் என்று முடிவானது. அது மட்டும் போதாது, ஒரே வடிவத்தைப் பார்த்துப் பழகினால் பிள்ளைகள் அடுத்த வடிவத்துக்கு அலறுவார்கள், நாலைந்து வடிவம் வேண்டும் என்றாள் டீச்சர். ஏற்கெனவே வாங்கின பள்ளிக்கூடங்களுக்கு எழுதியாக வேண்டும் என்றாள். முதலாளியம்மா நெற்றியில் கை வைத்தார். "என்னன்னு எழுதுவேன்? எந்த வார்த்தையைப் போட்டு எழுதுவேன்?"

"நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. இத்தனை வருஷமா எத்தனை டீச்சருங்க பார்த்திருப்பாங்க? ஒருத்தர்கூட எழுதலையே. எழுதினா கீழ பேர் போடணும்ல, அந்தக் கூச்சம்தான்."

முதலாளியம்மா தாள் எடுக்கப் போன நேரத்தில், பிசிறக்கா டீச்சரைப் பொட்டலம் கட்டும் அறைக்குக் கூட்டிப்போனாள். டீ வாங்கிக்கொடுக்கிற சாக்கு. கதவைச் சாத்தினாள். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"சிஸ்டர், எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க…"

"சொல்லுங்கக்கா, உங்களுக்குத் தெரிஞ்சவங்களுக்கு என்ன?" டீச்சர் சிரிக்கவில்லை. அதுவே பிசிறக்காவுக்குப் பெரிய உதவியாக இருந்தது.

"அவங்களுக்கு அந்த உள் இதழ் வெளிய தெரியுது. இடது பக்கம் நீளம். நிறமும் கருப்பு. ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு இருக்காங்க."

"வலிக்குதாமா? நடந்தா, சைக்கிள் ஓட்டினா உரசிப் புண்ணாகுதா?"

"இல்ல."

"ஒண்ணுக்குப் போறதுல கஷ்டம்? அரிப்பு, இன்ஃபெக்‌ஷன்? புதுசா ஏதாவது கட்டி, நிறம் மாறுறது? வீட்டுக்காரர்கூட இருக்கும்போது வலி?"

"ஒண்ணும் கிடையாது. வயசுக்கு வந்ததுலேர்ந்து இப்படியேதான்."

"அப்புறம் எதுக்கு வெட்டணுமாம்?"

"அளவா இல்லையேன்னு."

"எந்த அளவுக்கு அளவா இல்ல?"

எந்த அளவு என்று சொல்வதற்குப் பிசிறக்காவிடம் இருந்த ஒரே அளவுகோல் பழைய பிசிறுக்காரர் தப்பாக வெட்டி ஆணியில் மாட்டியது. அதே தப்பை அவள் தன் கையாலேயே ஆயிரம் தடவை வெட்டி, அந்த ஆயிரத்தையும் தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்திருக்கிறாள்.

டீச்சர் தம்ளரைக் கீழே வைத்தாள். பாடம் எடுக்கிறவர்களுக்குக் கை பேசாமல் வாய் பேசாது. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து வைத்துக் காட்டினாள். "இங்க பாருங்க. வெளி இதழ் ரெண்டு, இது கதவு மாதிரி. உள்ள உள் இதழ் ரெண்டு, இது திரைச்சீலை மாதிரி. சின்ன வயசுல திரை சின்னதா இருக்கும். வயசுக்கு வர்றப்போ ஹார்மோன் ஏறும்ல, அப்போதான் வளரும். எவ்வளவு வளரணும்னு எந்தச் சட்டமும் இல்ல. சிலருக்குக் கதவுக்கு உள்ளயே நின்னுடும், சிலருக்குக் கதவைத் தாண்டி வரும். ரெண்டு பக்கமும் ஒரே நீளமா இருக்குறதைவிட, ஏத்த இறக்கமா இருக்குறதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கேன். ஓரம் நேரா இருக்கும், சுருங்கியும் இருக்கும். ரோஸ், பழுப்பு, கருப்பு, மத்த உடம்பைவிட அடர்த்தியா இருக்குறதும் சகஜம். பிள்ளை பெத்தா மாறும், வயசானா திரும்ப மாறும்."

"எல்லாமே சரியா?"

"எல்லாமே சரி. எட்டு வருஷத்துல எத்தனை பேருக்கு டியூப் போட்டிருப்பேன்! ரெண்டு பேருக்கு ஒரே மாதிரி நான் பார்த்தது இல்லக்கா. இதுல பிள்ளைங்களுக்கு நான் முதல்ல சொல்லித்தர்றதே, 'ரெண்டு விரலால உள் இதழை விலக்கு, அப்பதான் சிறுநீர்த் துளை தெரியும்'னுதான். உங்க மாடல்ல விலக்க ஒண்ணுமே இல்ல. கதவைத் திறந்தா நேரா வீடு!"

பிசிறக்காவுக்கு வாயில் இருந்த டீ புரை ஏறியது.

"அது சும்மா தொங்குறது இல்ல. உள்ள இருக்குற மென்மையான இடத்தை மூடிக் காப்பாத்துது. அதுல நரம்பு அவ்வளவு இருக்கு, சுகம் தெரியுற இடத்துல அதுவும் ஒண்ணு. வெட்டினா தழும்பு விழலாம், உணர்ச்சி குறையலாம், சில பேருக்கு அதுக்கப்புறம்தான் வலியே ஆரம்பிக்குது. உரசிப் புண்ணாகிக் கஷ்டப்படுறவங்க இருக்காங்க, அவங்க டாக்டர்கிட்ட பேசி ஆபரேஷன் பண்ணிக்கிறது வேற கதை, அதை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். உங்களுக்குத் தெரிஞ்சவங்க அந்த டாக்டர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்க: 'எனக்கு என்ன நோய்?' அவரு பதில் சொல்லட்டும்."

"எப்படி வேணும்னு கேட்டாரே தவிர, என்ன நோய்னு அவரு சொல்லவே இல்ல சிஸ்டர்" என்றாள் பிசிறக்கா. சொன்ன பிறகு, அந்தத் 'தெரிஞ்ச ஒருத்தங்க' எங்கோ காணாமல் போய்விட்டதை உணர்ந்தாள். டீச்சரும் அவர்களைத் தேடவில்லை. பிசிறக்காவின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, மீதி டீயைக் குடித்தாள்.

கதவைத் திறந்தால் வெளியே நாத்தனார். காது கதவிலேயே இருந்திருக்க வேண்டும், கன்னத்தில் கதவின் பலகைக் கோடு பதிந்திருந்தது.

"ஒட்டுக் கேட்டியாடி?"

"நான் ஏன் ஒட்டுக் கேக்கறேன் அண்ணி? காதுல விழுந்துச்சு." அவள் டீச்சரிடம் திரும்பினாள். முகம் சிவந்திருந்தது. "சிஸ்டர், கருப்பும் சரிதான்னு சொன்னீங்களே, அது உண்மையா?"

"உண்மைதான். ஏன்?"

"இல்ல, நான்தான் பதினேழுக்குக் கலர் அடிக்கிறேன். கலர் கார்டுல மூணாம் நம்பர் ரோஸ்னு போட்டிருக்கும், அதைத்தான் அடிப்பேன்." கொஞ்சம் தயங்கினாள். "அந்த ரோஸ் வரணும்னு நாலு வருஷமா நான் ஒரு க்ரீம் தடவுறேன். எரியும். பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தடவுவேன்."

அண்ணியும் நாத்தனாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருத்தி வெட்டி, ஒருத்தி வண்ணம் அடித்து, இருவருமாகச் சேர்ந்து ஒரு பொய்யைத் தயாரித்து, வீட்டுக்குப் போய் அவரவர் குளியலறையில் தனித்தனியாக அதற்குப் பயந்திருக்கிறார்கள். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. சிரிப்பு வந்ததும் நிற்கவில்லை. பிசிறக்கா ஒரு பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அது எந்தக் கணக்கில் வந்தது என்று அவளும் ஆராயவில்லை.

"அந்த க்ரீமை இன்னைக்கே குப்பையில போடுங்க" என்றாள் டீச்சர், தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எரிச்சல் நிக்கலேன்னா என்கிட்ட வந்து காட்டுங்க. அப்புறம் அந்தக் கலர் கார்டையும் மாத்துங்க. பழுப்புல நாலு வகை வேணும் எனக்கு."

"நாலு என்ன, நாப்பது கலக்கித் தரேன்" என்றாள் நாத்தனார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் சீக்கிரமே வந்திருந்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் ஹால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் போன் கிடந்தது. "வியாழக்கிழமை டூட்டி மாத்திக்கிட்டேன்" என்றார். "நானும் கூட வரேன்."

அவள் பையை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது. கட்டின்னு சொன்னேன்ல, அது கட்டி இல்ல."

அவர் முகம் வெளிறிப்போனது. "அதைவிடப் பெரிசா?"

"ஐயோ, கட்டியே கிடையாதுங்க. நான் பொய் சொன்னேன்."

"கட்டி இல்லையா?"

"இல்ல."

"ஒண்ணுகூட இல்லையா?"

"இல்லைங்கறேன்ல."

அவர் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். "நாலு நாளா நான் ஒழுங்கா சாப்பிடல, தெரியுமா உனக்கு? போன்ல கட்டி கட்டின்னு தேடித் தேடிப் படிச்சு, எனக்கே நாலு இடத்துல கட்டி வந்த மாதிரி இருக்கு."

"நேத்து மூணு தடவை போட்டுச் சாப்பிட்டீங்க."

"அது கவலையில சாப்பிட்டது."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சுவரில் தொங்கியது, ஆயிரம் பதினேழு, பஸ் நிறுத்த விளம்பரம், டாக்டர், டார்ச் வெளிச்சத்தில் தெரிந்த சுருக்கக் கோடுகள் எல்லாம். அச்சு எப்படிப் பொருந்தும், பிசிறு ஏன் நடுவில் வராது என்று கை இரண்டையும் சேர்த்து வைத்து விளக்கியும் காட்டினாள். அவர் இடையில் பேசவில்லை. பதினைந்து வருடத்தில் அப்படி ஒரு அதிசயம் நடந்ததில்லை.

கடைசியில் கேட்டாள். "உங்களுக்கு ஒருநாளும் வித்தியாசமா தோணலையா?"

"எதோட வித்தியாசம்?" என்றார் அவர். "நான் யாரோட ஒப்பிட்டுப் பாக்கணும்கிற? ஏன் என்னை வம்புல மாட்டி விடுற?"

அவள் சிரித்தாள்.

"நீ விளக்கை அணைக்கும்போதெல்லாம் நான் வேற நெனச்சேன்" என்றார். சொல்லக் கூச்சப்பட்டு, தன் தொப்பையைத் தட்டினார். "இதைப் பாக்கப் பிடிக்கலையோன்னு."

"அது எனக்கு இருட்டுலயும் தெரியும்."

"சரி, வியாழக்கிழமை என்ன பண்ணப் போற?"

"இன்னும் முடிவு பண்ணல" என்றாள். உண்மையில் முடிவாகிவிட்டது. ஆனால் இந்த ஒரு விஷயத்தை, யாரும் சொல்லாமல், யாரோடும் ஒப்பிடாமல், தானே ஒருமுறை பார்த்து முடிவு செய்ய வேண்டும் போலிருந்தது. குளியலறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டு, ஜன்னலில் வெளிச்சம் இருக்கும்போதே, கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். குறை கண்டுபிடிக்கும் கண்ணால் அல்ல, அச்சுக்குள் குனிந்து பார்த்த அந்தக் கண்ணால் பார்த்தாள். ஓரத்தில் சுருக்கங்கள் வரிசையாக ஓடின. ஒரு பக்கச் சுருக்கம் மறுபக்கம் மாதிரி இல்லை. நல்ல வேலைப்பாடு, என்று தோன்றியது அவளுக்கு. யார் செய்தார்களோ, அவசரப்படாமல் செய்திருக்கிறார்கள்.

புதன்கிழமை டீ இடைவேளையில் கிளினிக்குக்குப் போன் செய்தாள். ஒரு இளம்பெண் எடுத்தாள், கீச்சுக் குரல், பின்னால் கம்ப்யூட்டர் தட்டும் சத்தம்.

"நாளைக்குப் பதினொரு மணி ஆபரேஷனை ரத்து பண்ணிடுங்கம்மா."

"வேற தேதி போடட்டுமா மேடம்?"

"வேண்டாம்மா. எந்தத் தேதியும் வேண்டாம்."

"காரணம் ஒண்ணு போட்டாத்தான் மேடம் சிஸ்டம் விடும். உடம்பு சரியில்லையா? ஊருக்குப் போறீங்களா?"

பிசிறக்கா யோசித்தாள். பட்டறைக்குள் நாத்தனார் ஏழு கிண்ணங்களில் ஏழு பழுப்பு கலக்கிவைத்துக்கொண்டு, எது எது யாருக்கு என்று சத்தமாகப் பேர் வைத்துக்கொண்டிருந்தாள். முதலாளியம்மா, "பேர் மட்டும் வைக்காதடி!" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"காரணம், எல்லாம் சரியா இருக்குன்னு போட்டுக்கோங்க."

தட்டும் சத்தம் நின்றது. "சரியாயிடுச்சா மேடம்? ஆபரேஷன் இல்லாமலேயா? எப்போ சரியாச்சு?"

"எனக்குத் தெரிஞ்சது திங்கக்கிழமைம்மா" என்றாள் பிசிறக்கா. "சுமார் பதினொன்றரை மணிக்கு."

அந்தப் பெண் அதையும் தட்டிக்கொண்டாள்.